தெரியாததைச் சொல்லாத மொழிபெயர்ப்பி

ஆங்கிலத்தில் ‘ஆர் யூ மேரீட்?’ என்று கேட்பது ஒரே வாக்கியம். இத்தாலிய மொழியில் அது நான்காகப் பிரிகிறது. கேட்கப்படுபவர் ஆணா பெண்ணா, அவரிடம் உரிமையோடு பேசுகிறோமா மரியாதையோடு பேசுகிறோமா என்பதற்கேற்ப வினைச்சொல்லும் அதனோடு வரும் சொல்லின் ஈறும் மாறும். தமிழுக்கு இரண்டு போதும்: ‘உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?’, ‘உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?’ மொழிபெயர்ப்புச் செயலிகள் பொதுவாக இத்தாலியத்தின் அந்த நான்கில் ஒன்றைத் தாமாகவே எடுத்துக் கொடுத்துவிடும். மற்ற மூன்று இருப்பதே பயணிக்குத் தெரியாது. பெண்ணிடம் ஆணுக்குரிய வடிவத்தில் கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

2010இல் வெளிவந்த ஒரு சிறிய மென்பொருள் அந்த நான்கையும் வரிசையாகக் காட்டியது. எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்துத் தந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 2010 முதல் 2013 வரை நடந்த ‘மோல்ட்டோ’ திட்டத்தில் உருவான சொற்றொடர்க் கையேடு அது. வழி கேட்பது, விலை விசாரிப்பது, சாப்பாடு சொல்வது, பெயரும் வயதும் கேட்பது என்று சுற்றுலாப் பயணிக்கு வேண்டிய பேச்சு மட்டுமே அதற்குத் தெரியும். 14 ஐரோப்பிய மொழிகளில் தொடங்கி, பிறகு இந்தி, உருது போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.

அது புள்ளியியல் மொழிபெயர்ப்பு கொடிகட்டிப் பறந்த காலம். ஏற்கெனவே மொழிபெயர்க்கப்பட்ட கோடிக்கணக்கான வாக்கியங்களை அலசி, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் வரும் வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடுவது அந்த முறை. இந்தக் கையேடு அப்படி எதையும் அலசவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய இலக்கண விதிகளே அதன் முழு மூலதனம்.

அருவமும் உருவமும்

கையேட்டுக்கு அடித்தளம் ‘கிராமட்டிகல் ஃப்ரேம்வொர்க்’, சுருக்கமாக ஜி.எஃப். இலக்கணங்களை எழுதுவதற்கென்றே உருவாக்கப்பட்ட நிரல்மொழி இது. 1998இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பிறந்தது. உருவாக்கியவர் ஃபின்லாந்துக்காரரான ஆர்னே ரன்டா. பிறகு அவர் சுவீடனின் கோத்தன்பர்க் நகருக்குச் செல்ல, ஜி.எஃப்.பும் அங்கேயே வளர்ந்தது.

ரன்டா கடன் வாங்கியது கம்பைலர்களின் உத்தியை. நாம் எழுதும் நிரலைக் கம்பைலர் நேராக இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. முதலில் அதன் அமைப்பை ஒரு மரமாகப் பிரித்துக்கொள்ளும். அந்த மரத்திலிருந்துதான் இயந்திர மொழியை உண்டாக்கும். மனித மொழிகளுக்கும் இதையே செய்தால் என்ன?

அதற்காக இலக்கணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று அருவ இலக்கணம். என்ன சொல்ல முடியும் என்பதை மட்டும் அது வரையறுக்கும். எந்த மொழியின் சொல்லும் அதில் கிடையாது. மற்றது உருவ இலக்கணம். அந்தப் பொருளை ஒரு குறிப்பிட்ட மொழியில் எப்படிச் சொல்வது என்பதை அது விவரிக்கும். இப்படிப் பிரிக்கலாம் என்ற யோசனையைத் தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கரி 1961லேயே முன்வைத்திருந்தார். ஜி.எஃப். எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழிக்கு ‘ஹாஸ்கெல்’ என்று அவர் பெயரே வைக்கப்பட்டிருப்பது பொருத்தமான தற்செயல்.

ஒரே உருவ இலக்கணம் இரு திசையிலும் வேலை செய்யும். வாக்கியத்தைப் பிரித்து மரமாக்கவும் அதுவே, மரத்திலிருந்து வாக்கியத்தை உண்டாக்கவும் அதுவே. இதன் பலன் எண்ணிக்கையில் தெரியும். 14 மொழிகளை ஒன்றுக்கொன்று நேரடியாக மொழிபெயர்க்க வேண்டுமானால் 182 திசைகளுக்குத் தனித்தனி ஏற்பாடு தேவை. இங்கே 14 உருவ இலக்கணங்கள் போதும். பதினைந்தாவது மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதினால், மற்ற பதினான்கோடும் அது பேசத் தொடங்கிவிடும்.

மீனும் பசியும்

‘எனக்கு இந்த மீன் பிடிக்கும்’ என்பதை எடுத்துக்கொள்வோம். அருவ இலக்கணத்தில் இது ‘பிடித்தல்: நான், இந்த மீன்’ என்ற மரம், அவ்வளவுதான். ஆங்கில இலக்கணம் இதில் ‘நான்’ என்பதை எழுவாயாக்கும். இத்தாலியமும் ஸ்பானியமும் மீனை எழுவாயாக்கிவிட்டு, நம்மை ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமைக்கு அனுப்பிவிடும். இந்தியும் தமிழைப் போலவே ‘எனக்கு’ என்றுதான் தொடங்கும். ஃபின்னிய மொழியில் எழுவாய் நான்தான். ஆனால் மீன், ‘மீனிலிருந்து’ என்று பொருள்படும் வேற்றுமை உருபை ஏற்று நிற்கும்.

பசி இன்னும் வேடிக்கை. ஆங்கிலேயர் பசியாக ‘இருக்கிறார்’. பிரெஞ்சுக்காரரிடம் பசி ‘உள்ளது’. ஃபின்லாந்துக்காரரின் ‘மேல்’ பசி இருக்கிறது. தமிழருக்கோ பசிக்கிறது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் இவை எல்லாமே உளறலாகும். மரத்தில் ‘பசித்தல்: நான்’ என்ற முடிச்சு மட்டும் இருப்பதால், எதை எழுவாயாக்குவது, எந்த வேற்றுமையைப் போடுவது என்ற முடிவு அந்தந்த மொழியின் இலக்கணத்திடமே விடப்படுகிறது.

இந்த முறையில் அகராதிச் சொல் என்பது ஒற்றைச் சொல்லாக இருக்காது. ஓர் அட்டவணையாக இருக்கும். இத்தாலியத்தில் ‘சுவையான’ என்பதற்கு ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை என நான்கு கட்டங்கள். பீட்சா பெண்பால், மீன் ஆண்பால் என்ற தகவல் அந்தப் பெயர்ச்சொற்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வாக்கியம் அமையும்போது உரிய கட்டத்தில் உள்ள வடிவம் எடுக்கப்படும். ஃபின்னியத்தில் 15 வேற்றுமைகள். அட்டவணையும் அதற்கேற்ப நீளும்.

அடுத்த சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பார்த்து வடிவம் மாறும் சொற்களுக்கும் ஜி.எஃப்.பில் தனி வசதி உண்டு. ஆங்கிலத்தில் உயிரொலிக்கு முன் ‘எ’ என்பது ‘ஆன்’ ஆவதற்கு அது தேவை. நமக்கு அது இன்னும் அவசியம்: ‘இந்த மீன்’, ஆனால் ‘இந்தப் பீட்சா’. ஒற்று மிகும் இடத்தைச் சொல்லாத தமிழ் இலக்கணம் தேர்வில் தேறாது.

யார் எழுதுவது?

ஒவ்வொரு கையேட்டுக்கும் இலக்கணத்தை முதலிலிருந்து எழுதுவதென்றால் யாரும் முன்வரமாட்டார்கள். இங்கேதான் திறமூலம் கைகொடுத்தது. ஜி.எஃப். சமூகம் பல ஆண்டுகளாக ஒரு பொது இலக்கண நூலகத்தை வளர்த்துவந்திருக்கிறது. 30க்கும் மேற்பட்ட மொழிகளின் சொல் வடிவங்களும் வாக்கிய அமைப்புகளும் அதில் உள்ளன. இந்தி, உருது, பஞ்சாபி, நேபாளி, சிந்தி ஆகியவையும் அவற்றில் அடக்கம். கையேடு எழுதுபவர் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையிலான இயைபைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நூலகத்தை அழைத்தால் போதும். ஒரு சொல்லின் ஒரு வடிவத்தைக் கொடுத்தால் மற்றவற்றை நூலகம் ஊகித்துக்கொள்ளும். ‘மரம்’ என்றால் ‘மரத்தை’, ‘வீடு’ என்றால் ‘வீட்டை’ என்று ஈற்றைப் பார்த்தே சொல்லும் வகை. ஊகம் தப்பினால் இன்னொரு வடிவத்தையும் கொடுக்கலாம்.

மோல்ட்டோ குழுவினர் வேலைப்பிரிவினை ஒன்றையும் சோதித்துப் பார்த்தார்கள். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு அந்த மொழி தெரியாது. மொழி தெரிந்தவருக்கு நிரல் தெரியாது. முதலாமவர் சில மாதிரி வாக்கியங்களைக் கொடுப்பார், இரண்டாமவர் தம் மொழியில் இயல்பாக மொழிபெயர்த்துத் தருவார். அவற்றைப் பொது நூலகத்தின் உதவியால் பிரித்து விதிகளாக்குவார்கள். இப்படியும் கையேட்டின் சில மொழிகள் உருவாயின.

பயன்படுத்துபவருக்கு இவை எதுவும் தெரிய வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தச் சொற்களைப் போலத் திரையில் சொற்கள் தோன்றும். ஒன்றைத் தொட்டால், அதற்கு அடுத்து வரக்கூடியவை மட்டும் வரும். இலக்கணத்துக்கு வெளியே காலடி வைக்கவே முடியாது. முழு இலக்கணமும் ஆண்டிராய்டு கைபேசிக்குள் அடங்கிவிட்டதால், வெளிநாட்டில் இணையம் இல்லாமலும் கையேடு இயங்கியது.

எல்லையே பலம்

வெளியே போக முடியாதது பெரிய குறைதானே? குறைதான். ‘கடல் அமைதியாக இருந்தால் நாளைக்குப் படகு போகுமா?’ என்று கேட்க நினைத்தால், அதற்கான விதியை யாராவது முன்பே எழுதியிருக்க வேண்டும். இல்லையேல் மென்பொருள் வாயைத் திறக்காது. எல்லாக் கருத்துகளையும் தாங்கும் ஒரே பொதுமொழியைப் படைக்கும் கனவு 17ஆம் நூற்றாண்டிலேயே தத்துவஞானி லைப்னிட்ஸுக்கு இருந்தது. ஜி.எஃப். அந்தக் கனவைக் கைவிட்டதால்தான் காரியம் நடந்தது. ஒவ்வொரு துறைக்கும் அதற்கு வேண்டிய அளவில் ஓர் அருவ இலக்கணம் போதும் என்பது அதன் நிலைப்பாடு. கணிதப் பயிற்சிகளுக்கும் அருங்காட்சியகப் பொருள்களின் விவரங்களுக்கும் மோல்ட்டோ இதே வழியில் தனித்தனி இலக்கணங்களை எழுதியது.

வாசிப்பவருக்கான மொழிபெயர்ப்பு ஒன்று, வெளியிடுபவருக்கான மொழிபெயர்ப்பு இன்னொன்று என்று இத்திட்டத்தினர் பிரித்துப் பார்த்தனர். வெளிநாட்டு இதழ்க் கட்டுரையின் சாரம் புரிந்தால் போதும் என்பவர் பிழையைப் பொறுத்துக்கொள்வார். எதைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு விடை கிடைப்பதுதான் அவருக்கு முக்கியம். தன் பெயரில் விலைப்பட்டியலையோ மருந்துச் சீட்டையோ பத்து மொழிகளில் வெளியிடும் நிறுவனம் அப்படி இருக்க முடியாது. இன்றைய நரம்பியல் மொழிபெயர்ப்பிகள் சரளத்தில் வெகுதூரம் வந்துவிட்டன. ஆனாலும் தவறும்போதும் அதே சரளத்தோடுதான் தவறுகின்றன. விதியால் இயங்கும் கருவியிலும் பிழை வரும், எழுதியவரும் மனிதர்தானே. வித்தியாசம், அந்தப் பிழை எந்த வரியில் இருக்கிறது என்று விரல்வைத்துக் காட்டலாம். திருத்தினால் அந்த விதி வரும் எல்லா வாக்கியங்களிலும் அது திருந்திவிடும்.

விக்கிமீடியா அறக்கட்டளை 2020இல் அறிவித்த ‘அருவ விக்கிப்பீடியா’ திட்டமும் இதே எண்ணத்தைச் சார்ந்தது. கட்டுரையின் பொருளை மொழி சாராத வடிவில் ஒருமுறை எழுதி, அதிலிருந்து பல மொழிகளில் உரையை உண்டாக்குவது நோக்கம். இதற்கு ஜி.எஃப். எவ்வாறு உதவும் என்று ரன்டாவும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

பெரிய நிறுவனங்களின் முறைக்குக் கோடிக்கணக்கான வாக்கியங்கள் தீனியாக வேண்டும். இணையத்தில் எழுத்து குறைந்த மொழிகள் அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கும். இலக்கண வழிக்கு அந்தக் குவியல் தேவையில்லை. தன் மொழியின் வேற்றுமையையும் புணர்ச்சியையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒருவரும், அதை நிரலாக்கும் பொறுமையுள்ள இன்னொருவரும் வேண்டும். ஒரு மருத்துவமனையின் விசாரணை மேசைக்கோ ரயில் நிலையச் சீட்டு முகப்புக்கோ தேவையான சில நூறு வாக்கியங்களைப் பிழையின்றிப் பேசும் கருவியை உருவாக்க, அந்த இருவர் ஓர் இடத்தில் உட்கார்ந்தாலே தொடங்கிவிடலாம். கருவியும் நூலகமும் இலவசம்.