அறுந்த டி.என்.ஏ.யைக் கலம் எப்படிச் சீர்செய்கிறது?

பாண் மாவைப் பொங்கவைக்கும் மதுவத்தின் கலத்திலும் எங்கள் கலத்திலும் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் ஒருசேர அறுந்துபோவதுண்டு.

1981இல் ரெரி ஓர்-வீவர், ஜக் சொஸ்டாக், ரொட்னி ரொத்ஸ்டீன் ஆகியோர் அமெரிக்காவில், வெட்டிய டி.என்.ஏ.யை மதுவக் கலத்துக்குள் செலுத்தினார்கள். வெட்டாததைவிட அது பன்மடங்கு அதிகமாக, நிறமூர்த்தத்தில் தனக்கு ஒத்த பகுதியுடன் இணைந்தது. 1983இல் பிராங்க் ஸ்டாலுடன் சேர்ந்து அவர்கள் விளக்கம் தந்தனர்: அறுந்த முனைகள் சிதையாத ஒத்த பிரதியைத் தேடிப் பிடிக்கின்றன, இழந்த பகுதியை அதைப் பார்த்தே மீள எழுதுகின்றன.

இந்தத் தேடலை நடத்தும் ராட்51 புரதம் மதுவத்திலும் மனிதரிலும் உண்டு. மனிதரில் அதை அறுந்த இடத்தில் கொண்டுசேர்ப்பது பிஆர்சிஏ2. இதற்கான மரபணு பிறப்பிலேயே பழுதாக இருந்தால் மார்பக, சூலகப் புற்றுநோய் ஆபத்துக் கூடும். தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும் என்பது இதனால்தான்.