துணைநூற் பட்டியலும் கணிப்பொறியும்

ஆய்வுக் கட்டுரையின் இறுதியில் இடம்பெறும் துணைநூற் பட்டியலை விரும்பிப் படிப்போர் மிகச் சிலரே. ஆயினும் கட்டுரையாளர் எவற்றைப் படித்தார், எவற்றைப் படிக்காமல் விட்டார் என்பதை அப்பக்கமே காட்டிக் கொடுத்துவிடும். முன்பெல்லாம் நூல் ஒன்றுக்கு அட்டை ஒன்றாக எழுதி, அகரவரிசையில் அடுக்கி, நூல்கயிற்றால் கட்டி வைப்பர். இன்று அவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே நாம் ஈண்டுக் காண விழைவது.

மருத்துவ, உயிரியல் ஆய்வுகளைத் தேடுவோர்க்குப் பெரிதும் உதவுவது பப்மெட் எனும் தரவுத்தளம். 1879-ஆம் ஆண்டு ஜான் ஷா பில்லிங்ஸ் என்பார் அமெரிக்காவில் தொடங்கிய ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்ற அச்சுப் பட்டியலின் வழிவந்தது இது. 1996-இல் தோன்றிய இத்தளத்தை இன்று எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

விலங்கியல் மாணவர் ஒருவர், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்களை வேம்பு கொல்லுமா என்று ஆராய்வதாகக் கொள்வோம். ‘நீம்’ என்று மட்டும் இட்டுத் தேடினால் பற்பசை முதல் பயிர்ப் பாதுகாப்பு வரை எல்லாம் வந்து குவியும். மேலும், வேம்பினை அதன் அறிவியற் பெயரான ‘அசாடிரக்டா’ என்று மட்டும் குறித்தவர்களும் உளர். ஆகவே இவ்விரு சொற்களையும் ‘ஆர்’ என்ற சொல்லால் இணைத்து அடைப்புக்குறிக்குள் இட்டு, அதன்பின் ‘ஆண்ட்’ என்று சேர்த்து ‘ஏடிஸ்’ என எழுத வேண்டும். ‘ஆர்’ வலையை விரிக்கும். ‘ஆண்ட்’ அதனைச் சுருக்கும். மூன்றாவதாகிய ‘நாட்’ என்பதில் மட்டும் கவனம் வேண்டும். மலேரியா வேண்டாம் என்று அதைப் பயன்படுத்தினால், டெங்குவையும் மலேரியாவையும் சேர்த்து ஆராய்ந்த நல்ல கட்டுரைகளும் போய்விடும். எந்தச் சொற்களை இட்டோம், எந்த நாளில் தேடினோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நலம். நெறியாளர் கட்டாயம் கேட்பார்!

கிடைத்தவற்றைச் சேகரிக்கும் மென்பொருள்கள் பல உள. அவற்றுள் ஸோட்டெரோ என்பது 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகியது, இலவசமானது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. நம்மைப் போன்றோர்க்கு இதுவே போதும் என்பது என் கருத்து. பப்மெட்டில் வேண்டிய கட்டுரைகளைக் குறித்து, மேற்கோள் மேலாண்மைக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினால் கோப்பு ஒன்று இறங்கும். அதனை ஸோட்டெரோவில் திறந்தால் நூறு கட்டுரைகளின் விவரமும் நொடிப்பொழுதில் உள்ளே வந்து அமரும். வேறு பல தளங்கள் தருவது ஆர்.ஐ.எஸ். என்னும் வகைக் கோப்பு. அதில் ஏ.யு. எனத் தொடங்கும் வரி ஆசிரியர் பெயர், பி.ஒய். என்பது ஆண்டு, ஈ.ஆர். வந்தால் ஒரு பதிவு முடிந்தது என்று பொருள். பழைய நூலட்டையேதான், வேறு உடையில்!

இவ்வாறு வந்தவற்றை அப்படியே அச்சுக்கு அனுப்புவது தவறு. இரண்டு தளங்களில் தேடினால் ஒரே கட்டுரை இருமுறை வரும்; ஸோட்டெரோவில் இரட்டைப் பதிவுகளைக் காட்டி ஒன்றாக்கும் வசதி உண்டு. சாய்வெழுத்தில் இருக்க வேண்டிய உயிரினப் பெயர்கள் நேரெழுத்தில் வந்து நிற்கும். அவற்றை நாமே திருத்த வேண்டும்.

எல்லாவற்றினும் பெருஞ்சிக்கல் நம்மவர் பெயர்களில்தான். இம்மென்பொருள்கள் குடும்பப் பெயர், இடுபெயர் என இரு பெட்டிகளை வைத்திருக்கின்றன. நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. ‘மு. வரதராசன்’ என்று இருந்தால் பிழையில்லை. ‘வரதராசன் மு.’ என்று காற்புள்ளி இல்லாமல் எழுதப்பட்டிருந்தால், பிப்டெக் வகைக் கோப்பின் விதிப்படி கடைசிச் சொல்லே குடும்பப் பெயர். அப்போது டாக்டர் மு.வ. அவர்கள் பட்டியலில் ‘மு’ என்ற பெயரினராகி மகர வரிசைக்குப் போய்விடுவார். சர் சி.வி. ராமன் நிலையும் விந்தையானதே. வெங்கடராமன் என்ற ஒரே பெயர் இரண்டாய்ப் பிரிந்து, பின்பாதி மட்டும் குடும்பப் பெயராகி, உலகெங்கும் நிலைத்துவிட்டது.

வெளிநாட்டு இதழ் கேட்கிறதே என்று தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரைப் பின்னால் எழுதுவோரும் உண்டு. அவர்களுடைய கட்டுரைகள் பாதி தம் பெயரிலும் பாதி தந்தை பெயரிலும் சிதறிக் கிடக்கும். அத்தகையோரைத் தேடும்போது இரு பெயராலும் தேடியாக வேண்டும். 2012 முதல் ஆர்க்கிட் என்ற அமைப்பு ஆய்வாளர்க்கு வழங்கிவரும் பதினாறு இலக்க எண் இக்குழப்பத்தைத் தவிர்க்கவே ஏற்பட்டது. முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே அதனைப் பெற்றுக்கொள்ளலாம், கட்டணமில்லை. பட்டியல் ஆயத்தமானதும் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்வையை ஓட்டி, ஒற்றை எழுத்தைப் பெயராகக் கொண்டு தொடங்கும் வரி ஏதேனும் இருப்பின், காற்புள்ளியை உரிய இடத்தில் இட்டுவிட வேண்டும்.