செத்த காலேஜ் ஊருக்கே சோறு போடும்... தெரியுமா?

எழும்பூர் மியூசியத்துக்கு அந்தக் கால மெட்ராஸ்வாசிகள் வைத்த பெயர் தெரியுமா? செத்த காலேஜ்! மிருகங்கள் உயிரோடு உலாவிய ஜூ, உயிர் காலேஜ்! 1851-ல் மியூசியம் பிறந்ததே ஒரு காலேஜ் கட்டடத்தில்தான். திமிங்கில எலும்பு, பாடம் செய்த பறவை, பழைய காசு... இதையெல்லாம் பூட்டி வைத்து யாருக்கு என்ன லாபம் என்கிறீர்களா? அந்த லாபத்தைக் கணக்குப் போடுவதையே வேலையாக வைத்திருக்கும் ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுக்க உண்டு. அவர்கள் சொல்வதைக் கேட்டால் அந்தத் திமிங்கிலமே எழுந்து உட்காரும்!

அமெரிக்க மியூசியங்களுக்கு ஒரு வருடத்தில் எத்தனை முறை மக்கள் போகிறார்கள் தெரியுமா? சுமார் 85 கோடி முறை! பெரிய லீக் விளையாட்டுப் போட்டிகள், தீம் பார்க்குகள் இரண்டுக்கும் போகிற கூட்டத்தைக் கூட்டிப் பார்த்தாலும் 48 கோடி சொச்சம்தானாம். சொல்வது அந்நாட்டு மியூசியங்களின் கூட்டமைப்பு. 2016-ம் வருடக் கணக்குப்படி, மியூசியங்களால் அங்கே பிழைப்பவர்கள் 7 லட்சத்து 26 ஆயிரம் பேர்! நாட்டுப் பொருளாதாரத்துக்குக் கிடைப்பது 5,000 கோடி டாலர்! ரூபாயில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது.

ஒரே ஒரு மியூசியம் ஒரு நகரத்தின் தலையெழுத்தை மாற்றுமா? ஸ்பெயினின் பில்பாவோவைப் பாருங்கள்! இரும்பும் கப்பல் கட்டுவதும் நொடித்துப்போய், ஆறு சாக்கடையாகி, வேலையில்லாமல் தவித்த ஊர். அங்கே 10 கோடி டாலரில் ஒரு மியூசியம் கட்டப் போகிறோம் என்றது அரசு. போதாததற்கு, மியூசியத்துக்குப் பெயர் தரும் 'குகன்ஹைம்' அறக்கட்டளைக்குத் தனியாக 2 கோடி டாலர் கட்டணம்! பசிக்கிறவனுக்கு ஓவியமா என்று உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. நியாயம்தானே? ஆனால் 1997-ல் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கேரி வடிவமைத்த மியூசியம் திறந்தது. டைட்டானியத் தகடுகள் மட்டும் சுமார் 33,000! ஒவ்வொன்றின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! ஊரின் மக்கள்தொகை சுமார் மூன்றரை லட்சம். முதல் வருடம் வந்தவர்களோ 13 லட்சத்துக்கும் மேல்! ஹோட்டல், டாக்ஸி, கடை என்று வந்தவர்கள் செய்த செலவிலிருந்து கிடைத்த வரியிலேயே கட்டடச் செலவு சில வருடங்களில் திரும்பிவிட்டதாம். இதற்கு 'பில்பாவோ விளைவு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்!

உடனே உலகமெங்கும் மேயர்களுக்கு ஆசை வராதா? 1999-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒன்றரைக் கோடி பவுண்டில் ஒரு பாப் இசை மியூசியம் எழுந்தது. நான்கு ராட்சத எஃகு டிரம்கள் போல! வருடத்துக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று நம்பினார்கள். ஈ ஓட்டினார்கள்! 2000-லேயே பூட்டு! அந்த டிரம்கள் பிறகு என்ன ஆயின தெரியுமா? பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடம்!

காசுக் கணக்கு இருக்கட்டும், டாக்டர் சீட்டில் மியூசியம் எழுதிக் கொடுப்பார் என்றால் நம்புவீர்களா? கனடாவின் மாண்ட்ரியலில் 2018-லேயே இது நடந்தது! அந்த நகரத்து நுண்கலை மியூசியத்தோடு டாக்டர்கள் சங்கம் ஒன்று கைகோத்தது. ஒரு டாக்டர் வருடத்துக்கு 50 சீட்டு வரை எழுதலாம் என்றார்கள். சீட்டைக் காட்டினால் நோயாளிக்கு டிக்கெட் கிடையாது. கூட வருகிற ஒரு பெரியவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும்கூடக் கிடையாது! காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்பு ஒரு ஓவியம்!

சிரிக்காதீர்கள், இதற்கும் கணக்கு இருக்கிறது! இங்கிலாந்தில் 50 வயது தாண்டிய 6,710 பேரை 14 வருடம் பின்தொடர்ந்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். மியூசியம், நாடகம், கச்சேரி என்று சில மாதங்களுக்கு ஒருமுறையாவது போனவர்களுக்கு, போகவே போகாதவர்களைவிட இறக்கும் அபாயம் 31 சதவீதம் குறைவு! 2019-ல் வெளியான ஆய்வு இது. மியூசியம்தான் ஆயுளைக் கூட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். தெம்பும் காசும் உள்ளவர்கள்தானே கிளம்பிப் போவார்கள்? அதையும் கழித்துப் பார்த்தார்கள். அப்படியும் வித்தியாசம் நின்றது!

எனக்கு வாய் பிளந்தது அடுத்த ஆய்வில்தான். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 'கிரிஸ்டல் பிரிட்ஜஸ்' மியூசியம் 2011-ல் திறந்தது. பள்ளிக்கூடங்கள் முண்டியடித்தன. யாரை முதலில் விடுவது? குலுக்கல் போட்டார்கள்! ஆராய்ச்சியாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சீட்டு விழுந்தவர்கள், விழாதவர்கள் என்று சுமார் 11,000 பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். அங்கே ஒரு பழைய ஓவியம். அடிமை முறையை எதிர்த்தவர்கள் மேப்பிள் மரப்பாகு காய்ச்சுகிறார்கள், நம்மூரில் பதநீர் காய்ச்சுவது மாதிரி. ஏன் தெரியுமா? சர்க்கரை ஆலைகள் அடிமைகளின் உழைப்பில் ஓடின. அந்தச் சர்க்கரையே வேண்டாம் என்று பாகு காய்ச்சினார்கள்! பல வாரம் கழித்துக் கேட்டபோது, ஓவியத்தைப் பார்த்த பிள்ளைகளில் 88 சதவீதம் பேர் இந்தக் கதையைச் சரியாகச் சொன்னார்கள்! பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது! கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் அதிகமாம்.

பெரியவர்கள் ஒரு ஓவியத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் கடிகாரத்தோடு நின்று அளந்தார்கள். சராசரி 27.2 வினாடி! சிக்னலில் இதைவிட அதிக நேரம் நிற்கிறோம்.

ஓவியமே இல்லாவிட்டாலும் கூட்டம் வருமா? வரும்! 1911-ல் பாரிஸின் லூவ்ரில் மோனாலிசா திருடு போனது. வெறும் சுவரைப் பார்க்க வரிசை கட்டி நின்றார்கள்! அந்த 'லூவ்ர்' என்ற பெயரைத் தன் மியூசியத்துக்கு 30 வருடம் வைத்துக்கொள்ள அபுதாபி ஒப்புக்கொண்ட தொகை? 40 கோடி யூரோ! பெயருக்கு மட்டும்!

பெயர் மட்டுமா விலைபோகும்? சீனாவில் ஒரு மகாராணியின் கிரீடத்தை ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தமாகச் செய்து விற்றது பெய்ஜிங் தேசிய மியூசியம். 10 லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது! 1978-ல் சீனாவில் இருந்த மியூசியங்கள் 349. இப்போது 7,000-க்கும் மேல்!

கடைசியாக, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவு. சூதாட்டத்தில் சம்பாதித்த டேவிட் வால்ஷ் 2011-ல் அங்கே 'மோனா' என்று ஒரு மியூசியம் திறந்தார். பெரும்பகுதி பூமிக்கு அடியில்! அதைப் பார்க்கவே விமானம் ஏறி வருகிறார்கள். தீவுக்காரர்களுக்கு இலவசம்! உள்ளே கண்ணாடிக் குடுவைகளால் ஆன ஒரு இயந்திரம். வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்கள். அது செரிக்கிறது. பிறகு, நேரம் தவறாமல்... ஆமாம், அதேதான்! மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்று பார்க்கிறது கூட்டம். செத்த காலேஜாம்!