கார் ஷெட் உடற்பயிற்சிக் கூடமாகலாமா?

வீட்டுக் கார் ஷெட்டை உடற்பயிற்சிக் கூடமாக மாற்ற எண்ணுகிறீர்களா? அது யாருக்காக என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஆண்கள் தெருவிலும் திடலிலும் நடக்கலாம். இல்லத்தரசியரில் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் அவர்களை விட்டுவைப்பதில்லையே!

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், இரு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. இதற்கு விலையுயர்ந்த இயந்திரங்கள் கட்டாயமல்ல.

எனவே, உடனே கொத்தனாரை அழைக்காதீர்கள். காரை வெளியே நிறுத்திவிட்டு, ஷெட்டைக் கூட்டிக் கழுவுங்கள். தடித்த விரிப்பு, இரண்டு டம்பெல், ஒரு மின்விசிறி போதும். கூரை தகரமாயின் நண்பகலில் தகிக்கும், அதிகாலையே ஏற்றது. காற்றோட்டம் இன்றியமையாதது. அடைத்த ஷெட்டுக்குள் எஞ்சினை ஒருபோதும் இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமுமற்ற நஞ்சாகும்.

மூன்று மாதங்கள் இவ்வாறு பழகிப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் தவறாது பயன்படுத்தினால் தயங்காமல் செலவிடுங்கள். பயன்படுத்தாவிடின் காரை உள்ளே விடுங்கள், பெரிய நட்டமில்லை. பழக்கம் வேரூன்றிய பின் வாங்கும் கருவியே துருப்பிடிக்காது!