இன்றைக்கும் ஆள் வேண்டும், நாளைக்கும் ஆள் வேண்டும்

வியாபாரம் நன்றாக நடக்கும் காலத்தில் முதலாளிமார் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. இன்று இந்தக் கடையைத் தாங்கி நிற்கின்றவர்கள் பத்து வருடங்களுக்குப் பிறகும் இருப்பார்களா? இல்லையென்றால் அவர்களுடைய இடத்துக்கு யார்? இந்தக் கேள்வியை வருடா வருடம் கேட்டே தீரவேண்டிய தொழிலொன்று வட அமெரிக்காவில் இருக்கின்றது. அதுதான் ஐஸ் ஹொக்கி.

ஹொக்கி என்றதும் மாத்தளை வாசகர்களுக்குப் புற்றரையில் வளைந்த தடியோடு ஓடும் விளையாட்டே ஞாபகத்துக்கு வரும். இது வேறு. பனித்தரையில் சறுக்குச் சப்பாத்து அணிந்துகொண்டு, இறப்பர் வட்டொன்றைத் தடியால் அடித்துச் செல்லும் விளையாட்டு இது. அமெரிக்காவில் 25, கனடாவில் 7 என 32 கழகங்கள் தேசிய ஹொக்கி லீக்கில் மோதுகின்றன. முடிவில் வெல்லும் கழகத்துக்கு ஸ்டான்லி கிண்ணம். விளையாட்டின் சட்டதிட்டங்கள் நமக்கு அவசியமில்லை. அந்தக் கழகங்கள் ஆட்களைச் சேர்க்கும் கணக்குத்தான் நாம் பார்க்க வேண்டியது.

ஒரே பணப்பை

முன்பெல்லாம் பணக்காரக் கழகம் எவ்வளவு கொடுத்தும் வீரர்களை வாங்கலாம். 2004/05 இல் முதலாளிமாருக்கும் வீரர்களுக்கும் இடையே ஏற்பட்ட சம்பளத் தகராறினால் அந்தப் பருவகாலம் முழுவதுமே ரத்தானது. 2005 இல் வந்த உடன்படிக்கை சம்பள உச்சவரம்பைக் கொண்டுவந்தது. அந்த வருடம் ஒரு கழகம் தனது வீரர்கள் அனைவருக்குமாகச் செலவிடக்கூடிய ஆகக்கூடிய தொகை 39 மில்லியன் டொலர். 2025/26 பருவகாலத்துக்கு அது 95.5 மில்லியனாக உயர்ந்தது. முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. அதேபோல் இதற்குக் கீழே போகக்கூடாது என்ற குறைந்தபட்ச வரம்பும் உண்டு.

அணியில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடியவர்கள் 23 பேர். ஆகவே ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் இன்னொருவரிடமிருந்து எடுத்த டொலராகும். இன்றைய வெற்றியையும் நாளைய வெற்றியையும் ஒரே பணப்பையிலிருந்துதான் வாங்க வேண்டும். இதைச் சரிவர விளங்கிக்கொண்ட கழகம் நீண்டகாலம் நிலைக்கின்றது. விளங்காத கழகம் ஒரு முறை வென்றுவிட்டு நீண்டகாலம் தூங்குகின்றது.

மூன்று தட்டுகள்

நல்ல கழகத்தின் ஆட்கள் மூன்று தட்டுகளில் இருப்பார்கள்.

முதலாவது தட்டு, நாளை மறுநாளுக்கானவர்கள். வருடந்தோறும் ட்ராப்ட் எனப்படும் தெரிவின் மூலம் 18 வயதளவிலான இளைஞர்களைக் கழகங்கள் வரிசைப்படி எடுக்கின்றன. தோற்ற கழகங்களுக்கு முன்வரிசை. வென்ற கழகங்களுக்குப் பின்வரிசை. வேண்டுமென்றே தோற்பதைத் தடுப்பதற்காக முதலிடங்களைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கின்றார்கள். இதில் பண லொத்தர் எதுவுமில்லை, வரிசைக்கான குலுக்கல் மட்டுமே. இவ்வாறு 18 வயதில் வரும் இளைஞரின் முதல் ஒப்பந்தம் மூன்று வருடங்கள். 2025 இல் அதன் அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு ஒரு மில்லியன் டொலருக்கும் குறைவாக இருந்தது.

இரண்டாவது தட்டு, பழுத்துக்கொண்டிருப்பவர்கள். அமெரிக்கன் ஹொக்கி லீக் என்ற கீழ்நிலை லீக்கில் இவர்களை விளையாடவிட்டுப் பக்குவப்படுத்துவார்கள்.

மூன்றாவது தட்டு, இன்று உழைத்துத் தருகின்றவர்கள். இவர்களில் பலரின் உச்ச வயது 24 முதல் 28 வரை. ஆனால் பொதுவாக 27 வயதில்தான் வீரருக்கு எந்தக் கழகத்துக்கும் போகும் முழுச் சுதந்திரம் கிடைக்கின்றது. அதாவது சந்தையில் அவருடைய விலை உச்சத்தில் இருக்கும்போது அவருடைய உடல் உச்சத்தைத் தாண்டத் தொடங்குகின்றது. இதுதான் இந்தத் தொழிலின் பொறி. முதலிரு தட்டுகளிலிருந்து குறைந்த சம்பளத்தில் நல்ல ஆட்கள் வந்துகொண்டிருந்தால், அதில் மிஞ்சும் பணத்தைக் கொண்டு மூன்றாவது தட்டுக்குச் சம்பளம் கொடுக்கலாம். அந்தத் தட்டுகள் காலியானால் எல்லாவற்றையும் சந்தை விலைக்கே வாங்க வேண்டி வரும்.

டெட்ரொய்ட்டின் ஏற்றமும் இறக்கமும்

டெட்ரொய்ட் ரெட் விங்ஸ் கழகத்தை 1982 இல் 8 மில்லியன் டொலருக்கு வாங்கியவர் மைக் இலிச் என்ற பீட்சா வியாபாரி. லிட்டில் சீசர்ஸ் கடைகளை ஆரம்பித்தவர் அவர்தான். அப்போது அந்தக் கழகம் கிண்ணம் வென்று 27 வருடங்கள் ஆகியிருந்தன. 1983 தெரிவில் நான்காவது இடத்தில் ஸ்டீவ் ஐசர்மன் என்ற இளைஞரை எடுத்தார்கள். 21 வயதில் அவரைத் தலைவராக்கினார்கள். கிண்ணம் வந்ததோ 1997 இல். இடையில் 14 வருடப் பொறுமை இருந்தது.

அந்தப் பொறுமையின் போது அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1989 தெரிவில் சுவீடன் நாட்டு நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமை 53 ஆவது ஆளாகவும், சோவியத் வீரர் சேர்ஜி பெடரோவை 74 ஆவது ஆளாகவும் எடுத்தார்கள். சோவியத் வீரர்கள் நாட்டை விட்டு வரமுடியுமா என்று பிற கழகங்கள் தயங்கிய காலம் அது. டெட்ரொய்ட் தயங்கவில்லை. பின்னர் 1998 இல் பவல் டட்சுக் 171 ஆவது ஆளாகவும், 1999 இல் ஹென்ரிக் செட்டர்பர்க் 210 ஆவது ஆளாகவும் வந்தார்கள். மற்றவர்கள் கைவிட்ட சரக்கில் மாணிக்கம் பொறுக்கிய இந்தக் கெட்டித்தனத்துக்குப் பின்னால், ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்த ஹக்கன் அன்டர்சன் போன்ற ஆள்தேர்வாளர்களின் உழைப்பு இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூத்தவர் போன பிறகு இளையவரைத் தேடவில்லை. மூத்தவர் இருக்கும்போதே இளையவரை அவரருகில் நிறுத்தினார்கள். 2002 இல் ஐசர்மன் தலைமையில் கிண்ணம் வென்றபோது டட்சுக் அணிக்குப் புதியவர். 2006 இல் ஐசர்மன் ஓய்வுபெற்றதும் தலைமை லிட்ஸ்ட்ரோமுக்குப் போனது. 2008 இல் டட்சுக்கும் செட்டர்பர்க்கும் முன்னின்று மீண்டும் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். 1997, 1998, 2002, 2008 என்று நான்கு கிண்ணங்கள். 1991 முதல் 2016 வரை இடைவிடாமல் 25 பருவகாலங்கள் இறுதிக்கட்டப் போட்டிகளுக்குத் தகுதி.

இந்தத் தொடர்ச்சியே பிறகு சுமையாகிவிட்டது. 'இந்த வருடமும் தகுதி பெற்றாக வேண்டும்' என்ற ஆசையில், கடைசி வருடங்களில் நாளைய பங்கை இன்றே செலவழித்தார்கள். 2015 இல் 28 வயதான வீரரொருவருக்கு ஏழு வருட ஒப்பந்தம் கொடுத்துவிட்டு, 2020 இல் எஞ்சிய காலத்துக்கு நட்டஈடு கொடுத்து அனுப்பினார்கள். 2016 இல் டட்சுக் ஒப்பந்தம் முடிய ஒரு வருடமிருக்க ரஷ்யாவுக்குத் திரும்பினார். ஒப்பந்தத்தின் தன்மையினால் அவர் விளையாடாவிட்டாலும் அந்த 7.5 மில்லியன் டொலர் சம்பளக் கணக்கில் நின்றது. அதனை இன்னொரு கழகத்தின் தலையில் கட்டுவதற்காக, தெரிவில் 16 ஆவது இடத்தை விட்டுக்கொடுத்து 20 ஆவது இடத்துக்கு இறங்கினார்கள். 2019/20 இல் 71 ஆட்டங்களில் கிடைத்தது 17 வெற்றிகள் மாத்திரமே. 2017 முதல் 2025 வரை தொடர்ந்து ஒன்பது முறை இறுதிக்கட்டத்தைக் காணவில்லை.

டம்பாவில் நடந்தது

இதே ஐசர்மன் 2010 இல் டம்பா பே லைட்னிங் கழகத்தின் பொது முகாமையாளரானார். டெட்ரொய்ட்டில் கற்ற பாடத்தை அங்கே நடைமுறைப்படுத்தினார். 2011 இல் 58 ஆவது ஆளாக நிகிட்டா குசெரோவ், 2012 இல் 19 ஆவது ஆளாகக் கோல் காப்பாளர் அன்ட்ரெய் வசிலெவ்ஸ்கி, 2014 இல் 79 ஆவது ஆளாக பிரேடன் பொயின்ட் ஆகியோரைத் தெரிவுசெய்தார். அவருக்கு முன்பே வந்திருந்த ஸ்டீவன் ஸ்டம்கோஸ், விக்டர் ஹெட்மன் ஆகியோரோடு இவர்கள் சேர்ந்தார்கள்.

2018 இல் ஐசர்மன் பதவி விலக, அவருடைய உதவியாளராக இருந்த ஜூலியன் பிரிஸ்புவா பொறுப்பேற்றார். அந்தப் பருவகாலத்தில் டம்பா 62 வெற்றிகளைப் பெற்று அன்றைய சாதனையைச் சமப்படுத்தியது. ஆனால் இறுதிக்கட்டத்தின் முதல் சுற்றிலேயே நான்கு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. எல்லாவற்றையும் கலைத்துவிடு என்று பலர் சொல்லக்கூடிய நேரம் அது. அவர்கள் கலைக்கவில்லை. முக்கிய வீரர்கள் நல்ல வயதில் இருக்கின்றார்கள், குறை ஓரிரண்டு இடத்தில்தான் என்று கணக்குப் பார்த்தார்கள். 2020 ஆரம்பத்தில் இரண்டு முதற்சுற்றுத் தெரிவு உரிமைகளைக் கொடுத்து பிளேக் கோல்மன், பார்க்லி குட்ரோ என்ற இரண்டு கடும் உழைப்பாளிகளை வாங்கினார்கள். 2020, 2021 இரண்டு வருடங்களிலும் கிண்ணம் வந்தது.

அப்படியானால் நாளையை விற்கவே கூடாதா? விற்கலாம். மூன்றாவது தட்டு நிறைந்து, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது விற்கலாம். எவ்வளவு விற்கின்றோம், எதற்கு விற்கின்றோம் என்று தெரிந்து விற்க வேண்டும். அதற்கும் விலை உண்டு. 2021 கோடையில் அந்த இருவரும், அவர்களோடு ஒரே வரிசையில் ஆடிய யானி கோர்டும் வேறு கழகங்களுக்குப் போனார்கள். 2024 இல் ஸ்டம்கோஸும் போனார்.

இளைஞர்கள் மட்டும் போதுமா?

எட்மன்டன் ஒயிலர்ஸ் கழகம் 2010, 2011, 2012, 2015 ஆகிய நான்கு தெரிவுகளில் முதலாவது இடத்தைப் பெற்றது. இதைவிட அதிர்ஷ்டம் வேறெந்தக் கழகத்துக்கு? ஆனாலும் 2016 வரை தொடர்ந்து பத்துப் பருவகாலங்கள் இறுதிக்கட்டம் போகவில்லை. கோல் அடிக்கும் பிள்ளைகளைச் சேர்த்தார்களே தவிர, பின்வரிசையைக் காக்கவும் பிள்ளைகளுக்கு வேலை பழக்கவும் போதிய அனுபவசாலிகளைச் சேர்க்கவில்லை. 2015 இல் வந்த கொனர் மெக்டேவிட் போன்ற அபூர்வமான வீரர் இருந்தும் 2024 இல்தான் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். அதிலும் 2025 இறுதியிலும் புளோரிடாவிடம் தோற்றார்கள்.

மறுபக்கம் சிக்காகோ பிளக்ஹோக்ஸ். 2010, 2013, 2015 என மூன்று கிண்ணங்கள் வென்ற கழகம் அது. அதன் நட்சத்திரங்களான ஜொனதன் டேவ்ஸ், பட்ரிக் கேன் இருவருக்கும் 2014 இல் தலா 84 மில்லியன் டொலருக்கு எட்டு வருட ஒப்பந்தம் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2015/16 இல். அந்த வருட உச்சவரம்பு 71.4 மில்லியன், அதில் ஏறத்தாழ 30 வீதம் இரண்டு பேருக்கே போனது. அந்தக் கோடையில் 22 வயதான பிரன்டன் சாட் என்ற நல்ல இளைஞரை விட்டுவிட வேண்டி வந்தது. 2015 கிண்ணம் அந்த ஒப்பந்தம் தொடங்குமுன் வந்தது. தொடங்கிய பின் எட்டு வருடங்களில் ஒன்றும் வரவில்லை. அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். நேற்றைய வெற்றிக்கான நன்றியை நாளைய சம்பளமாகக் கொடுத்ததுதான் சிக்கல்.

நமது கடைகளுக்கு

நமது வியாபாரங்களில் பல, ஆரம்பித்தவர் மௌத்தானதும் ஆட்டம் காண்பதை நாம் கண்ணாரக் காண்கின்றோம். கொள்வனவு தெரிந்தவர் வாப்பா ஒருவரே. கடன் கணக்குத் தெரிந்தவர் பழைய கணக்குப்பிள்ளை ஒருவரே. மகனைக் கடைக்குள் எடுப்பதோ வாப்பா படுக்கையில் விழுந்த பிறகு. இது இரண்டாவது தட்டே இல்லாத கடை. வேறு சில இடங்களில் மகன் வந்ததும் பழையவர்களை அனுப்பிவிட்டுத் தன் வயதுக்காரர்களை வைத்துக்கொள்கின்றார். அது எட்மன்டனின் வழி.

ஆனால் ஒரு விடயத்தில் நாம் ஹொக்கிக் கழகங்களைப் பின்பற்ற முடியாது. அங்கே வயது போனவரை விற்றுவிடலாம். இருபது வருடம் நமக்காக உழைத்த மனிதரை நாம் அப்படிச் செய்வது அநியாயம். அதற்காக அவரால் இயலாத வேலையில் அவரை வைத்திருப்பதும் நன்றியல்ல. நன்றிக்கு வேறு கணக்கு இருக்கின்றது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதத்தையும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தையும் ஒழுங்காகக் கட்டினால் அது அவருடைய முதுமைக்குப் போய்ச் சேரும். 15 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் கடைக்குச் சட்டப்படி பணிக்கொடை கட்டாயமில்லாதிருக்கலாம். மனச்சாட்சிப்படி யார் தடுத்தது? பணத்தை அப்படிக் கொடுங்கள். கடையிலோ அவருக்கு இளையவர்களைப் பழக்கும் வேலையைக் கொடுங்கள். லிட்ஸ்ட்ரோம் ஐசர்மனின் அருகில் நின்றது போல உங்கள் மகனும் அவரருகில் சில வருடங்கள் நிற்கட்டும்.

யூஸுப் (அலை) அவர்களுடைய வரலாறு நமக்குத் தெரியும். செழிப்பான ஏழு வருடங்களில் உண்டது போக மீதியைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னார்கள். பஞ்சம் வந்த பிறகல்ல, விளைச்சல் குவிந்த காலத்திலேயே அந்த ஏற்பாடு நடந்தது. ஆட்கள் விடயமும் அப்படித்தான்.

இன்றிரவு கடை பூட்டிய பிறகு ஒரு தாளில் மூன்று கோடு போட்டு, இன்றைக்கு யார், ஐந்து வருடத்தில் யார், பத்து வருடத்தில் யார் என்று பெயர்களை எழுதிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே பெயர் இருந்தாலோ, கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தாலோ கவலைப்பட நேரமிருக்கின்றது, தள்ளிப்போட நேரமில்லை. வியாபாரம் நன்றாக நடக்கும் இன்றே தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், அதில் பரக்கத் உண்டாகும்.