உங்களுக்குத் தெரியுமா? கவாத்தும் ‘கட் பேக்’கும்

● ஆங்கிலத்தில் ‘கட் பேக்’ என்றால், முதலில் கிளைகளை வெட்டிச் செடியைக் குறுக்குவது. தேயிலைத் தோட்டத்துத் தமிழில் கவாத்து. செலவைக் குறைப்பது, ஆளைக் குறைப்பது எல்லாம் பின்னால் ஏறிய பொருள்கள்.

● ‘கட் டவுன்’ வேறு. மரத்தை ‘கட் டவுன்’ செய்தால் மரம் சாய்ந்துவிட்டது. ‘கட் பேக்’ செய்த செடி மறுபடி தழைக்கும். சீனி, செலவு என்று வரும்போது மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே: ‘கட் பேக் ஆன் சுகர்’, ‘கட் டவுன் ஆன் சுகர்’. ‘அதை’ என்று சொல்ல வேண்டுமானால் ‘கட் இட் பேக்’. ‘கட் பேக் இட்’ தவறு.

● மலேசியாவின் கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கிய ‘போ’ தோட்டத்துச் செடிகள் இடுப்பளவு நிற்பது இயல்பால் அல்ல. கொழுந்து பறிப்பதாலும் கவாத்தாலும்தான். சும்மா விட்டால் தேயிலை மரமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கத்தி விழுகிறது. அங்குள்ள சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு சரிவு முழுக்கக் குச்சியாய் நிற்பதைக் கண்டால் செடி பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

● வெட்டுவதற்கு முன் செடியின் கையிருப்பைப் பார்ப்பது தேயிலைத் தொழிலின் பழைய வழக்கம். வேரில் ஒரு துண்டு நறுக்கி, வெட்டுவாயில் அயோடின் தடவுவார்கள். கருநீலமானால் மாவுச்சத்து போதுமான அளவு இருக்கிறது, வெட்டலாம். வெளுத்தே கிடந்தால் தள்ளிப்போடுவார்கள். இலையெல்லாம் போனபின் புதுத்துளிர் வரும்வரை செடிக்கு அந்தச் சேமிப்புதான் சோறு. சில இடங்களில் ஓரிரு கிளைகளை வெட்டாமல் விடுவார்கள். அதற்குப் பெயரே ‘நுரையீரல்’ கிளை!

● 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை விழுந்தபோது, மலாயாத் தோட்டங்கள் ஆட்களை ‘கட் பேக்’ செய்தன. பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பினார்கள். அவர்களிடம் என்ன கையிருப்பு இருந்தது என்று யாரும் வேரைத் தொட்டுப் பார்க்கவில்லை. செடிக்குக் காட்டிய அந்தக் கவனத்தில் பாதியாவது மனிதர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

● பெயர்ச்சொல்லாக எழுதும்போது ‘கட்பேக்’ ஒரே சொல். அழுத்தம் முதல் அசையில். செய்தித்தாளில் ‘ஜாப் கட்பேக்ஸ்’ என்று கண்டால், தமிழில் ‘ஆட்குறைப்பு’ என்று நேராகவே எழுதுங்கள்.