கிருமி வந்தது தொண்டைக்கு, அடி விழுந்தது இதயத்துக்கு! வால்வுக்குள் பிரேசில் ஆய்வாளர் தேடியது என்ன?

தொண்டை வலி வந்தால் என்ன செய்வோம்? உப்புத் தண்ணீரில் கொப்பளிப்போம், பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் குடிப்போம். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். பெரும்பாலான தொண்டை வலிக்குக் காரணம் வைரஸ்தான் என்பதால் இது போதும்.

ஆனால் சில தொண்டை வலிக்குப் பின்னால் இருப்பது ‘குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்ற பாக்டீரியா. இது வந்து போன இரண்டு மூன்று வாரத்தில், வெகு சில குழந்தைகளுக்கு மறுபடி காய்ச்சல் அடிக்கும். முட்டி வீங்கும், அது சரியாகும்போது கணுக்காலில் வலி ஆரம்பிக்கும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுவரை உள்ளவர்களிடம்தான் அதிகம். மூட்டு வலி தடயமே இல்லாமல் போய்விடும். போகாதது இதய வால்வில் விழுந்த காயம். வால்வு தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, சரியாகத் திறக்காமலோ மூடாமலோ போகும். பலருக்கு இது தெரியவருவதே இருபதுகளில், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான். பெண்கள் சிலருக்கு முதல் கர்ப்பத்தின்போது.

உலகம் முழுக்க 4 கோடிக்கும் அதிகமானோர் இந்த வால்வு நோயோடு வாழ்கிறார்கள். ஆண்டுக்கு சுமார் 3 லட்சம் பேர் இறக்கிறார்கள். பணக்கார நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்ட நோய் இது. இந்தியாவில், பிரேசிலில், ஆப்பிரிக்க நாடுகளில் மறையவில்லை.

கிருமி இல்லாத இடத்தில் காயம்

இதில் விசித்திரம் என்னவென்றால், சேதமான வால்வை எடுத்துப் பார்த்தால் அங்கே அந்தப் பாக்டீரியா உயிரோடு இருக்காது. அது தொண்டையோடு நின்றுவிட்டது. அப்படியென்றால் வால்வை அடித்தது யார்?

நம் நோய் எதிர்ப்பு மண்டலமேதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேற்பரப்பில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ‘எம் புரதம்’ ஒன்று உண்டு. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இதைத்தான். இந்த எம் புரதத்தின் வடிவமும் இதயத் தசையில் உள்ள மயோசின் புரதத்தின் வடிவமும் ஒரே சாயல். திருடனைப் பிடிக்கக் கொடுத்த அடையாளம் வீட்டுக்காரருக்கும் பொருந்திப்போன கதை. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இதயத் திசுவிலும் போய் ஒட்டுவதை 1960-களிலேயே மெல்வின் கப்லான் காட்டினார்.

ஆனால் ஆன்டிபாடி ஒட்டியது என்பதாலேயே வால்வு கெட்டது என்று ஆகிவிடாது. காயம் பட்ட இடத்தில் குவிந்து கிடப்பவை பெரும்பாலும் டி செல்கள். அவை அங்கே எதைத் தேடிப் போயின?

குப்பைக்குப் போகாத வால்வு

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் பிரேசிலின் லூயிசா கில்ஹெர்மே. சாவ் பாவ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த ‘இன்கோர்’ இதய நிறுவனத்தில், ஜார்ஜ் காலிலின் நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். இன்கோரில் ருமாட்டிக் நோயாளிகளுக்கு வால்வு அறுவை சிகிச்சை சாதாரணம். வெட்டி எடுக்கும் திசு அதோடு முடிந்தது. கில்ஹெர்மேவின் குழு அந்தத் துண்டுகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனது.

திசுவுக்குள் ஊடுருவியிருந்த டி செல்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெருக்கினார்கள். ஒரே செல்லிலிருந்து பிறந்த அந்தக் கூட்டத்திடம் முதலில் எம் புரதத்தின் சின்னச் சின்னத் துண்டுகளைக் காட்டினார்கள். பிறகு இதயத் திசுவிலிருந்து பிரித்த புரதங்களைக் காட்டினார்கள். டி செல்லுக்குத் தெரிந்த முகம் என்றால் அது கிளர்ந்து பெருகும், இல்லையென்றால் சும்மா கிடக்கும்.

சில கூட்டங்கள் இரண்டுக்குமே கிளர்ந்தன. நான்கு நோயாளிகளின் திசுவை வைத்து எழுதிய இந்த முடிவு 1995-ல் ‘சர்குலேஷன்’ இதழில் வந்தது. நான்கு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் சாட்சி ரத்தத்திலிருந்து வரவில்லை, காயம்பட்ட இடத்திலிருந்தே வந்தது. அதுதான் இதன் பலம்.

அடுத்து வந்த கண்டுபிடிப்பு இன்னும் சுவாரசியம். ருமாட்டிக் காய்ச்சலில் இதயத் தசையும் வீங்கும், ஆனால் ஆறிவிடும். வால்வு ஆறாது. ஏன்? 2004-ல் இதே குழு இரண்டு திசுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டிலுமே அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் நிறைய. ஆனால் ‘போதும், நிறுத்து’ என்று அடக்கும் வகையைச் சேர்ந்த ஐஎல்-4 என்ற சமிக்ஞையைச் சுரக்கும் செல்கள் தசையில் தாராளமாக இருந்தன, வால்வில் மிகக் குறைவு. சண்டையை விலக்கிவிட ஆள் இல்லாத தெருவாகிவிட்டது வால்வு.

எல்லோரும் ஏற்கிறார்களா?

இல்லை. டெல்லியைச் சேர்ந்த குழந்தைகள் இதயநோய் நிபுணர் ராஜேந்திர டாண்டனும் சிலரும் 2013-ல் ஒரு நேரடியான கேள்வி கேட்டார்கள். மயோசின் இருப்பது தசையில். வால்வில் மயோசினே கிடையாது. பிறகு எப்படி வால்வு மட்டும் சிதைகிறது? பாக்டீரியாவின் புரதம் வால்வின் கொலாஜனோடு ஒட்டிக்கொள்வதால், உடல் தன் கொலாஜனையே அந்நியமாகப் பார்க்கிறது என்பது அவர்கள் முன்வைத்த மாற்று விளக்கம். வால்வில் இருக்கும் லாமினின், விமென்டின் போன்ற வேறு புரதங்களும் எம் புரதத்தின் சாயல் கொண்டவைதான் என்பது மறுதரப்பின் பதில். வழக்கு இன்னும் முடியவில்லை. டாண்டன் தரப்பின் கேள்வியை அவ்வளவு லேசில் தள்ளிவிடவும் முடியாது.

தடுப்பூசி ஏன் வரவில்லை?

இந்தச் சண்டை வெறும் புத்தகச் சண்டை இல்லை. 1960-களில் அமெரிக்காவில் எம் புரதத்தை வைத்துத் தயாரித்த ஒரு தடுப்பூசியை, ருமாட்டிக் நோயாளிகளின் உடன்பிறந்த 21 குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தபோது அவர்களில் 2 பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் உறுதியானது, இன்னொருவருக்கும் அநேகமாக அதுதான். தடுக்கப் போட்ட ஊசியே நோயைத் தூண்டியதா என்ற பயம் வந்துவிட்டது. 1979-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகைத் தடுப்பூசிகளுக்குத் தடை போட்டது. அதை விலக்கிக்கொள்ள 2005 ஆனது.

எனவே எம் புரதத்தில் எந்தத் துண்டு பாதுகாப்பு தரும், எந்தத் துண்டு இதயத்தை ஞாபகப்படுத்தும் என்று பிரித்தறிவதுதான் மொத்த விஷயமே. இன்னொரு தலைவலி, எம் புரதத்தில் 200-க்கும் மேற்பட்ட ரகங்கள். அவற்றுக்குள் அதிகம் மாறாத வால்பகுதியிலிருந்து 55 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை கில்ஹெர்மே குழு தேர்ந்தெடுத்தது. ‘ஸ்ட்ரெப்டின்கோர்’ என்பது அதன் பெயர். எலிகளிலும் சிறு பன்றிகளிலும் போட்டுப் பார்த்தபோது எதிர்ப்பாற்றல் உண்டானது, இதயத்தில் சேதம் தெரியவில்லை. ஆஸ்திரேலியா, கனடா குழுக்களின் வேறு தடுப்பூசிகள் மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனை வரை போயிருக்கின்றன. கடைக்கு வந்தது எதுவும் இல்லை.

இப்போதைக்குக் கையில் இருப்பது

பழைய பெனிசிலின்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலி தொடங்கிய 9 நாளுக்குள் பெனிசிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஏற்கனவே ஒருமுறை காய்ச்சல் வந்தவர்களுக்கு ஒவ்வொரு புதுத் தொற்றும் அந்த டி செல்களை மறுபடி எழுப்பும் என்பதால், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட வேண்டும். பல ஆண்டுகளுக்கு. வால்வு கடுமையாகப் பாதித்தவர்களுக்கு 40 வயது வரைகூட.

பலன் இருக்கிறதா? வடக்கு உகாண்டாவில், வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் ஸ்கேனில் மட்டும் வால்வு பாதிப்பு தெரிந்த 818 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2021-ல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில், ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது. போட்டவர்களில் 0.8 சதவீதம்தான்.

சிக்கல் ஊசியில்தான். மருந்து கெட்டியானது, தடித்த ஊசியால் தசைக்குள் இறக்க வேண்டும், நன்றாகவே வலிக்கும். மாதாமாதம் பள்ளிக்கு லீவு போட்டு வலியை வாங்கிவர எந்தக் குழந்தைதான் ஒத்துக்கொள்ளும்? பாதியில் நிறுத்துபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் இப்போது இதே மருந்தை அதிக அளவில், தோலுக்கு அடியில் மெதுவாகச் செலுத்திப் பார்க்கிறார்கள். 3 மாதத்துக்கு ஒரு ஊசி போதுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.